நூற்றுப் பதினேழுக்குச் சந்தா கட்டியது யார்?

அத்தியாயம் 14

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கே சபைப் பொருளாளர் வேதமாணிக்கத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை. சபை அலுவலகத்தின் ஜன்னலைத் திறந்தார், தெருவைப் பார்த்தார், மூடினார். மின்விசிறியைக் கூட்டினார். காகிதம் பறக்கிறதென்று குறைத்தார். பிறகு புழுங்குகிறதென்று மறுபடி கூட்டினார்.

“மாமா, ஒரு இடத்துல இருங்கோ. எனக்குத் தலை சுத்துது” என்றாள் மருமகள் ரெம்யா, கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவள் அந்த வீட்டுக்கு வாழ வந்து நான்கு மாதம்தான் ஆகிறது. மார்த்தாண்டத்துக்காரி. பி.காம். படித்தவள். மாமனாரிடம் இப்படிப் பேச எப்படித் துணிந்தாள் என்று கேட்டால், அதற்குக் காரணம் இந்தக் கணக்குதான். மூன்று வாரம் ஒரே மேஜையில் உட்கார்ந்து வரவு செலவைப் பிரித்தவர்களுக்குள் மரியாதை இருக்கும், பயம் இருக்காது.

சபைக் கணக்கு ஐந்து வருடமாக யாரோ நகல் எடுத்துக் கொடுத்த சிடியில் ஓடிக்கொண்டிருந்ததும், ஆகஸ்ட் மழையில் ஒரு நாள் அது படுத்துக்கொண்டதும், “தேவாலயத்துல திருட்டு சாஃப்ட்வேரா?” என்று ஆடிட்டர் கேட்டதும், வேதமாணிக்கம் அன்று இரவு சாப்பிடாமல் படுத்ததும் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். மறுநாள் இளைய மகனும் ரெம்யாவின் கணவனுமான அபின், பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கிறவன், ஒரு புது சிடியோடு வந்து நின்றான்.

“என்ன வெல?”

“வெல கெடையாதுப்பா. ஃப்ரீ. யாரும் எடுக்கலாம், யாருக்கும் குடுக்கலாம்.”

“சும்மா கெடைக்கதுல என்னவாவது ஒரு கோளாறு இருக்கும்லே.”

“கிருபையும் சும்மாதான கெடைக்கு? அதுல என்ன கோளாறப்பா கண்டிய?”

முப்பது வருடம் ஞாயிறு தவறாமல் முதல் வரிசையில் உட்கார்ந்த மனிதரால் கிருபையை மறுக்க முடியுமா? கம்ப்யூட்டரைக் காட்டினார். அபின் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விட, கணக்குகளை ஒழுங்குபடுத்துகிற பாடு ரெம்யாவின் தலையில் விழுந்தது.

புது மென்பொருளில் எல்லாம் கிளை கிளையாகப் பிரிய வேண்டும். வருமானம் என்று ஒரு பெரிய தலைப்பு. அதன் கீழே காணிக்கை, சங்கச் சந்தா, அறுப்பின் பண்டிகையில் வருகிற விளைபொருள் ஏலம். கைப்பிடி அரிசியை எங்கே வைப்பது என்று மட்டும் மாமனாரும் மருமகளும் இரண்டு நாள் சண்டை போட்டார்கள். பெண்கள் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்துவைத்துக் கொண்டு வருகிற அரிசி காணிக்கையா, அல்லது விற்றுக் காசாக்கும் வரை சரக்கா? கடைசியில் அரிசிக்கென்று தனிக் கிளை போட்டார்கள். இருவருக்குமே அதில் திருப்தி இல்லை.

சங்கச் சந்தாவின் கீழே ஒவ்வொரு சபை உறுப்பினருக்கும் ஒரு கணக்கு. மாதம் முப்பது ரூபாய். முன்பெல்லாம் வேதமாணிக்கம் “கரமனை வட்டாரம் – இவ்வளவு, பாப்பனங்கோடு வட்டாரம் – இவ்வளவு” என்று மொத்தத் தொகையை எழுதுவதோடு சரி. இப்போது ரெம்யா மூன்று வருட ரசீதுகளின் அடிச்சீட்டைப் பார்த்து, உறுப்பினர் எண்ணைப் போட்டு ஒவ்வொன்றாக ஏற்றியிருந்தாள். கமிட்டித் தேர்தல் வருகிறது. ஒரு வருடம் சந்தா நின்றுபோனவர்களின் பேரை நீக்கிவிட்டு, இன்று மாலை ஐந்து மணிக்கு வாக்காளர் பட்டியலைக் கமிட்டியிடம் கொடுக்க வேண்டும்.

வேதமாணிக்கத்தின் இருப்புக் கொள்ளாமைக்கு அந்தப் பட்டியல்தான் காரணம். இன்னும் சரியாகச் சொன்னால், அதிலுள்ள ஒரே ஒரு எண்.

“நூத்திப் பதினேழ எடுத்திரு” என்றார், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

ரெம்யாவுக்குத் தெரியும். நூற்றுப் பதினேழு என்பது மூத்த மகன் ஷிபின். அவள் பார்த்தேயிராத, கணவனின் அண்ணன். அந்த வீட்டில் நான்கு வருடமாக யாரும் உச்சரிக்காத பெயர்.

“நெசமாட்டு எடுக்கணுமா மாமா?”

“சந்தா இல்ல, ஆளு இல்ல. பின்ன பேரு எதுக்கு? எடு.”

அவள் அந்தக் கணக்கைத் தேர்ந்தெடுத்து, நீக்கும் பொத்தானை அழுத்தினாள். கணக்கு போகவில்லை. திரையில் ஒரு சிறு கட்டம் வந்து நின்றது. ரெம்யா அதை இரண்டு முறை படித்தாள்.

“என்னவாம்?”

“இந்தக் கணக்குல பதிவு இருக்காம் மாமா. அத வேற கணக்குக்கு மாத்தணுமா, அழிக்கணுமான்னு கேக்குது.”

“என்ன பதிவு? ஒண்ணும் இருக்காது. தப்பாக் கேக்குது. சும்மா கெடைச்ச சாமானம்லா?”

ரெம்யா கட்டத்தை மூடிவிட்டு, கணக்கைத் திறந்தாள். 2003 செப்டம்பர், முப்பது ரூபாய். அக்டோபர், முப்பது ரூபாய். கீழே கீழே போனாள். ஒரு மாதம் விடவில்லை. போன மாதம் வரை முப்பத்தாறு வரவு.

எண்ணை மட்டும் பார்த்து மடமடவென்று ஏற்றியதில் அவளே இதைக் கவனிக்கவில்லை.

வேதமாணிக்கம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தார். உதடு அசைய எண்ணினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது.

“அழிச்சிரு.”

“அழிச்சா அந்தப் பக்கமும் அழியும் மாமா. கை ரொக்கத்துல ஆயிரத்து எண்பது ரூவா குறையும். பணத்த வச்சுக்கிட்டுப் பேர மட்டும் எடுக்க இது விடாது.”

இது வேதமாணிக்கத்துக்குத் தெரியாததா? ஏஜீஸ் ஆபீசில், அரசுத் தணிக்கையில், முப்பத்திரண்டு வருடம் அடுத்தவர் கணக்கைத் தோண்டியவர். “வவுச்சர் எங்கே?” என்று கேட்டுக் கேட்டே எத்தனையோ பேரை அழ வைத்தவர். அந்த மனிதர் அடிச்சீட்டைப் பார்க்க வேண்டும் என்றுகூட யோசிக்காமல் குடையை எடுத்தார்.

“இது அவளுக்க வேல. அம்மிணிக்க வேல. வா, வீட்டுக்கு.”

கிழக்கேகோட்டையில் பாப்பனங்கோடு பஸ் நின்றுகொண்டிருந்தது. இடம் இருந்தும் வேதமாணிக்கம் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க நின்றே வந்தார்.

*

வேதமாணிக்கத்தின் மனைவி அம்மிணி பின்கட்டில் சாளை மீன் உரசிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பத்தரைக்கே திரும்பி வந்ததைப் பார்த்ததும் கையைக்கூடக் கழுவாமல் எழுந்தாள்.

“கேட்டியளா, என்ன ஆச்சு? அபினுக்கு என்னவாவது...?”

“மாசம் முப்பது ரூவா. மூணு வருஷம். எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?”

“என்ன முப்பது ரூவா?”

“ஒண்ணும் தெரியாத மாதிரி நிக்காத. அவனுக்குச் சந்தா கெட்டியிருக்கல்ல?”

அம்மிணிக்குப் புரிய ஒரு நிமிடம் ஆயிற்று.

“ஷிபினுக்கா?”

பெயரைச் சொல்லிவிட்டாள். வேதமாணிக்கம் பதறிப்போய் அக்கம்பக்கம் பார்த்தார். அம்மிணிக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. அவள் முகம் திடீரென்று மலர்ந்தது. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டாள். மீன் செதில் அவர் முழுக்கைச் சட்டையில் ஒட்டியது.

“நீங்களா கெட்டுனிய? ஷிபினுக்கு நீங்களா கெட்டுனிய?”

“நானா? நான் என்னத்துக்குக் கெட்டுகேன்?”

அம்மிணி கையை விட்டுவிட்டாள். ரெம்யாவுக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. மாமியார் ஒரு வினாடி நம்பினாளே, அந்த ஒரு வினாடியை மாமா விட்டுக் கொடுத்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆத்திரம் வந்தது.

“அப்பம் நீயும் கெட்டல்லயா?” என்றார் வேதமாணிக்கம். குரல் இறங்கியிருந்தது.

அம்மிணி தலையை ஆட்டினாள். அப்படியே படியில் உட்கார்ந்தாள்.

“எனக்குத் தோணல்லயே மக்களே” என்றாள் ரெம்யாவைப் பார்த்து. “நாலு வருஷமா முழங்கால்ல நின்னு அழுதேன். மாசம் முப்பது ரூவா கொண்டு கெட்டணும்னு தோணல்லயே. பெத்தவளுக்குத் தோணாதது வேற யாருக்கோ தோணியிருக்கே.”

அவள் அழுதாள். சத்தமில்லாமல் அழுகிறவள் அல்ல அம்மிணி. நன்றாகக் கேட்கும்படியே அழுதாள். வேதமாணிக்கம் கிணற்றடிக்குப் போனார், வந்தார், மறுபடி போனார்.

நடந்தது இதுதான். நான்கு வருடம் முன்பு ஷிபினுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பெண், சபைச் செயலாளர் ஞானாபரணத்தின் மகள் ஆர்ஷா. வழக்கப்படி கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள். தடை சொல்ல யாருக்காவது காரணம் இருந்தால் சொல்லலாம். இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை ஷிபின் ஒரு துண்டுக் காகிதத்தில் “துபாய்க்குப் போகிறேன், தேட வேண்டாம்” என்று எழுதி வைத்துவிட்டுப் போனான். ஓலை வாசித்த பெண்ணை நடுவில் விட்டுவிட்டுப் போனவனின் அப்பா என்று வேதமாணிக்கத்துக்குப் பெயராகிவிட்டது. ஞானாபரணம் அதை ஒரு கூட்டத்திலும் மறக்கவிட்டதில்லை.

“பேரு போச்சுன்னா சபையில அவனுக்கு ஒண்ணும் கெடையாது” என்றாள் அம்மிணி, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “கலியாணம் கெடையாது. நாளைக்கு ஒண்ணு ஆனா அடக்கத்துக்கு இடம்கூடக் கெடையாது. திரும்பி வந்தா அவன் எங்க போயி நிப்பான்? நீங்களே உங்க கையால எடுப்பியளா?”

“போன கூட்டத்துல ஞானாபரணம் எல்லாரு முன்னாடியும் கேட்டாரு. உம்ம மூத்தவன் பேரு லிஸ்ட்டுல வருமான்னு. வராதுன்னு சொல்லியாச்சு. சொன்ன வாக்கு.”

“சந்தா கெட்டுன பேர எடுக்க உங்களுக்கு என்ன அதிகாரம் இருக்கு?”

இந்தக் கேள்வியை அம்மிணி கேட்பாள் என்று இருவரும் எதிர்பார்க்கவில்லை. வேதமாணிக்கம் மருமகளின் பக்கம் திரும்பினார்.

“அடிச்சீட்டப் பாத்தியா நீ?”

“நீங்க எங்க மாமா பாக்க விட்டிய?”

*

மூன்று மணிக்கு ரெம்யா மட்டும் சபை அலுவலகத்துக்குத் திரும்பினாள். மாமாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள். ஐந்து மணிக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். பக்கத்து அறையில் மாலைக் கூட்டத்துக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரும்பு அலமாரியைத் திறந்து, அடிச்சீட்டுக் கட்டுகளைத் தரையில் பரப்பினாள். அவர்கள் வீட்டுச் சந்தா எல்லாம் பாப்பனங்கோடு வட்டாரப் புத்தகத்தில்தான் இருக்கும். அதில் நூற்றுப் பதினேழு இல்லை. ஒரு தடவைகூட இல்லை.

கரமனைப் புத்தகத்தில் இருந்தது. ஒவ்வொரு மாதமும், கட்டின் முதல் சீட்டாக. கீழே வட்டார வசூல் பொறுப்பாளரின் ஒப்பு. வளைவில்லாத, நேரான எழுத்தில் ‘ஆர்ஷா’.

ரெம்யா அந்தச் சீட்டைத் தனியே எடுத்து வைத்தாள். ஆர்ஷாவை அவளுக்குப் பழக்கமில்லை. மாதக் கடைசியில் வசூலை மேஜையில் வைத்துவிட்டு, வேதமாணிக்கத்தின் முகத்தைப் பார்க்காமல் போகிற, இருபத்தெட்டு வயதுப் பெண். “பாவம், அதுக்கப்புறம் ஒண்ணும் சரியா அமையல்ல” என்று சபைப் பெண்கள் சொல்லக் கேட்டிருக்கிறாள்.

போன் செய்தாள். ஆர்ஷா கிழக்கேகோட்டையில் ஒரு லேபில் வேலை செய்கிறாள். விஷயத்தைச் சொன்னதும் “வாறேன்” என்றாள்.

நாலரைக்கு வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. தோள் பையைக்கூட இறக்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இத்தன நாளு யாரும் பாக்கல்ல. கம்ப்யூட்டர் காட்டிக் குடுத்திட்டு, இல்லியா?”

“அக்கா, நான் கேக்கப்படாது. ஆனாலும் கேக்குகேன். உங்கள அப்படி விட்டிட்டுப் போன ஆளுக்கு நீங்க ஏன் சந்தா கெட்டுகிய?”

“நான் கெட்டல்ல. அவருதான் கெட்டுகாரு. ரசீது எழுதுகது மட்டும்தான் நான்.”

“துபாய்ல இருந்தா?”

ஆர்ஷாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “துபாயா? தம்பானூர் பஸ் ஸ்டாண்டு. மாசத்துல முதல் சனியாழ்ச்ச, சாயங்காலம் ஆறு மணி. திருநெல்வேலி பஸ்ஸுல வந்து எறங்குவாரு. முப்பது ரூவாயத் தருவாரு. ரசீது குடுப்பேன். ஒரே ஒரு கேள்வி கேப்பாரு. ‘பேரு இருக்கா?’ன்னு. இருக்குன்னு சொல்லுவேன். அடுத்த பஸ்ஸுல போயிருவாரு.”

அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள்.

“இன்னைக்கு முதல் சனி, ரெம்யா. இன்னைக்கு நான் என்ன சொல்லட்டும்?”

ரெம்யா ஆர்ஷாவின் தோளுக்கு மேலே வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேதமாணிக்கம் அங்கே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. சட்டைக் கையில் செதில் அப்படியே இருந்தது.

“அவன் மேல உனக்குக் கோவமே இல்லியா மக்களே?” என்றார்.

ஆர்ஷா திரும்பினாள். நான்கு வருடத்தில் முதல் தடவையாக அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“எனக்கென்ன கோவம் மாமா? மூணாவது ஓலய வாசிக்க விடாதீங்கன்னு அவர்கிட்ட சொன்னது நான்தான்.”

வேதமாணிக்கம் உள்ளே வந்தார்.

“நான் வேண்டாம்னு சொன்னா எங்க வீட்டுல என்னைய உசிரோட விடமாட்டாவ. அவரு ஓடிப்போனா உங்க வீட்டுல ஏசுவிய, அவ்வளவுதான்னு நெனச்சோம். ஒரு வருஷம் ஏசுவிய, பொறவு தேடுவியன்னு நெனச்சாரு அவரு. நீங்க தேடல்ல.”

அவள் குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனால்தான் அது வேதமாணிக்கத்தை அப்படித் தாக்கியது. தேடவில்லை. உண்மைதான். துண்டுக் காகிதத்தில் “தேட வேண்டாம்” என்று எழுதியிருந்ததை ஒரு உத்தரவுபோல எடுத்துக்கொண்டு, கோபத்தில் நான்கு வருடத்தைக் கழித்துவிட்டார். ஒரு பாஸ்போர்ட் ஆபீசில் விசாரித்திருந்தால் போதும். கணக்கில் கில்லாடி என்று பெயரெடுத்தவருக்கு மகன் எழுதிய காகிதத்தைச் சரிபார்க்கத் தோன்றவில்லை.

“ஏன் வேண்டாம்னு சொன்ன?”

“அத எங்க அப்பாவும் கேக்கணும். அவரு முன்னாடிதான் சொல்லுவேன். ரெண்டு தடவ சொல்ல எனக்குத் தெம்பு இல்ல.”

பக்கத்து அறையிலிருந்து ஞானாபரணத்தின் குரல் கேட்டது. “வேதமாணிக்கம், வந்தாச்சா? மணி அஞ்சாகப் போவுது. லிஸ்ட்டு ரெடியா?”

ஆர்ஷாவின் விரல்கள் பையின் வாரை இறுக்கிப் பிடித்தன. ரெம்யா எழுந்துபோய் அவள் பக்கத்தில் நின்றாள்.

வேதமாணிக்கம் கம்ப்யூட்டர் பக்கம் வந்தார். திரையில் முப்பத்தாறு வரியும் அப்படியே இருந்தன.

“பிரிண்ட் எடு மக்களே.”

“நூத்திப் பதினேழு?”

“இருக்கட்டு.”

பிரிண்டர் கரகரவென்று நான்கு பக்கம் தள்ளியது. அவர் ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டார். நூற்றுப் பதினேழு இருந்த மூன்றாம் பக்கத்தில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். பிறகு காகிதங்களை ஒன்று சேர்த்துத் தட்டி, ஆர்ஷாவைப் பார்த்து, “வா” என்றார்.

பக்கத்து அறைக் கதவை அவரே திறந்தார். ஏழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஞானாபரணம் மேஜைத் தலைமாட்டில் இருந்து கை நீட்டினார். நீட்டிய கை, வேதமாணிக்கத்தின் பின்னால் தன் மகளைப் பார்த்ததும் நின்றது.

“லிஸ்ட்டு இந்தா இருக்கு” என்றார் வேதமாணிக்கம். “என் மூத்தவன் ஷிபினுக்க பேரு இதுல இருக்கு. ஏன் இருக்குன்னு உம்ம மக சொல்லுவா. வேகம் சொல்லி முடிக்கட்டு. ஆறு மணிக்கு எங்களுக்கு ஒரு எடத்துக்குப் போகணும்.”

ஞானாபரணம் மகளைப் பார்த்தார். ஆர்ஷா உள்ளே வந்து, கதவைச் சாத்தினாள்.